புது ரகம் எப்போது வரும்? – கரும்பு கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கரும்பு ரகங்களைப் பற்றியவை. வாழை, மஞ்சள் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கோவையில் கரும்புக் கலப்புத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விஷயம் என்றால் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும்.

"ஐயா, இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் பக்கம் எல்லோரும் கோ 86032-தான் போடுகிறோம். நெல்லில் வருடா வருடம் புது ரகம் வருகிறது. கரும்பில் மட்டும் ஏன் இத்தனை தாமதம்? ஆராய்ச்சி நிலையத்தில் என்னதான் செய்கிறார்கள்?"
– விவசாயி, பண்ருட்டி வட்டம்

கேள்வியில் இருக்கும் கோபம் புரிகிறது. முதலில் கணக்கைப் பார்ப்போம். கோ 86032-இல் கோ என்பது கோயமுத்தூர், 86 என்பது 1986. அந்த வருடம்தான் அதற்கு எண் கொடுத்தார்கள். சாகுபடிக்கு வெளியிட்டது 2000-இல். ஆக 14 வருடம். எண் வாங்கும் முன்பே அது நாற்றாகவும் குத்தாகவும் சில வருடம் வயலில் நின்றிருக்கும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலப்பு செய்யக் கரும்பு பூக்க வேண்டும். உங்களுக்குப் பூ என்றாலே எரிச்சல். பூத்த கரும்பு வளர்ச்சியை நிறுத்திவிடும், உள்ளே நெட்டி விழும், அதாவது சாறு வற்றிப் பஞ்சாகும். எங்களுக்கோ வருடத்தில் அந்தச் சில வாரங்கள்தான் பிழைப்பு. ஐப்பசிக் கடைசியிலும் கார்த்திகையிலும் தோட்டம் முழுக்கப் பூ நிற்கும். விடிகாலையில் போய், ஒவ்வொரு ரகத்தின் பூவிலிருந்தும் மகரந்தப் பையை எடுத்து, கண்ணாடிச் சில்லில் நசுக்கி, அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்போம். மாவுச்சத்து நிறைந்த மகரந்தம் கன்னங்கரேல் என்று தெரியும். சொத்தை நிறம் பிடிக்காமல் வெளிறி நிற்கும். கறுப்பு நிறைய இருந்தால் அந்த ரகம் அப்பா. வெளிறியதே அதிகம் என்றால் அம்மா. நெல்லில் செய்வதுபோல் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பைக் கிள்ளி எடுப்பதெல்லாம் கரும்பில் நடக்காத காரியம். ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கள், ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்.

அம்மாப் பூங்கொத்துக்குத் துணிக்கூண்டு மாட்டி, அப்பாப் பூவை வெட்டிவந்து அதன் தலைக்கு மேல் உதறுவோம். பூ உச்சியிலிருந்து கீழ்நோக்கி நாளுக்குக் கொஞ்சமாக விரியும். அதனால் ஒரு நாளோடு வேலை முடியாது, அடி வரை விரியும் மட்டும் தினமும் காலையில் போய் உதற வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் சொல்லிவைத்தாற்போல் அதே நேரத்தில்தான் பெய்யும். மகரந்தம் நனைந்தால் அன்றைய வேலை போச்சு.

ஒரு மாதம் கழித்து விதை பஞ்சோடு பஞ்சாக உதிரும். மண், மணல், மக்கிய சாணம் கலந்த தட்டில் அந்தப் பஞ்சை அப்படியே பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்துக்குள் பச்சை கட்டும். அதைப் பார்த்துக் கரும்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். களை என்று நினைத்துப் பிடுங்கத்தான் கை போகும்.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். ஒரே பூங்கொத்தில் விளைந்த நூறு விதையும் நூறு வேறு கரும்பு. ஒன்று தடி, ஒன்று குச்சி. ஒன்று தித்திக்கும், ஒன்று சப்பென்று இருக்கும். அதில் நல்லது என்று பொறுக்கியதைக் கரணையாக, அதாவது கணுவுள்ள துண்டாக, வெட்டி நட்டுவிட்டால், அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக அதே கரும்புதான். உங்கள் வயலில் நிற்கும் கோ 86032 ஒவ்வொன்றும், என்றோ ஒரு தட்டில் முளைத்த ஒற்றை நாற்றின் துண்டு.

அந்த ஒற்றை நாற்றைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை வருடம் ஆகிறது. பல பத்தாயிரம் நாற்று வைத்து, ஒரு வருடம் வளர்த்து, கண்ணால் பார்த்தும், இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் சாறு விட்டும் பெரும்பகுதியைக் கழிப்போம். மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அடுத்த வருடம் ஒரு பார், அதாவது ஒரு வரிசை. அதிலும் கழித்து, அப்புறம் பாத்தி. அதற்கும் அப்புறம், ஏற்கெனவே சாகுபடியில் இருக்கும் ரகத்தைப் பக்கத்தில் நட்டு ஒப்பீடு. இதெல்லாம் தாண்டினால் அகில இந்திய ஒருங்கிணைந்த கரும்பு ஆராய்ச்சித் திட்டத்தில் பல ஊர்களில் சோதனை. அங்கே நடவுப் பயிர் மட்டும் பார்த்தால் போதாது, வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் வந்தாக வேண்டும். நெல் நாலு மாதத்தில் பதில் சொல்லும். கரும்பு ஒரு வருடம் எடுத்துக்கொண்டுதான் சொல்லும். பதில் வந்த பிறகும், ஒரு ஏக்கர் விதைக் கரும்பிலிருந்து அடுத்த வருடம் எட்டு, பத்து ஏக்கர்தான் நடலாம். நெல்விதை மாதிரி லாரியில் ஏற்றி ஒரே பருவத்தில் மாவட்டம் முழுக்க இறக்க முடியாது.

புது ரகம் வருவதே இல்லை என்பதும் சரியில்லை. அதுல்யா என்ற கோ 11015, புன்னகை என்ற கோ 18009 இரண்டும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டன. அதுல்யா சீக்கிரம் சர்க்கரை ஏறும் ரகம். உங்கள் ஆலையின் கரும்பு அலுவலரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

"லக்னோ, ஷாஜகான்பூர் ஆராய்ச்சியாளர்கள்கூடக் கலப்பு செய்யக் கோவைக்கு வருகிறார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். கரும்பு அதிகம் விளைவது உத்தரப் பிரதேசத்தில்தானே, அங்கேயே செய்யலாமே?"
– வேளாண் கல்லூரி மாணவி, மதுரை

கரும்பு விளையும் இடம் வேறு, பூக்கும் இடம் வேறு. பகல் நீளம் பன்னிரண்டரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்து மெல்லக் குறைய வேண்டும், இரவு ரொம்பக் குளிரக் கூடாது. 11 டிகிரி அட்சரேகையில் இருக்கும் கோவைக்கு இது அமைந்திருக்கிறது. வடக்கே பூப்பதே அபூர்வம். பூத்தாலும் மகரந்தம் தேறும் முன் பனி வந்துவிடும். அதனால் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் எல்லா மாநிலத்துப் பெற்றோர் ரகங்களையும் வைத்து ஒரு தேசியக் கலப்புத் தோட்டம் நடக்கிறது. பூக்கும் பருவத்தில் ஒவ்வொரு நிலையத்துக்காரர்களும் வந்து, தங்களுக்கு வேண்டிய ஜோடியைச் சேர்த்து, விதைப்பஞ்சை ஊருக்கு எடுத்துப்போய் முளைக்க வைப்பார்கள். அந்த வாரங்களில் தோட்டத்தில் இந்தி, பஞ்சாபி, மராத்தி, தெலுங்கு எல்லாம் கேட்கும். டீ மட்டும் நம்ம ஊர் டீ.

நிறுவனம் தொடங்கியது 1912-இல். முதலில் சி. ஏ. பார்பர் என்ற ஆங்கிலேயர், அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமன். அப்போது வடக்கே நட்டது குச்சிக் கரும்பு. தெற்கத்தித் தடிக் கரும்பு அங்கே குளிரிலும் வறட்சியிலும் நிற்காது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளை என்ற தடிக் கரும்பை அம்மாவாக வைத்து, வாய்க்கால் கரையில் தானாக முளைக்கும் காட்டு நாணலை அப்பாவாக வைத்தார்கள். நாணலில் சர்க்கரையும் கிடையாது, தடிமனும் கிடையாது. அதோடு சேர்த்தால் என்ன தேறும் என்று அன்றைக்கு யாரும் கேட்டிருப்பார்கள். பிறந்தது கோ 205. 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. உள்ளூர்க் கரும்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரைப் பங்கு விளைந்தது.

இன்று நாம் நடும் எந்தக் கரும்பானாலும் அதன் பரம்பரையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் நாணல். தூர் கட்டுவது, மறுதாம்பு துளிர்ப்பது, நோய் தாங்குவது எல்லாம் பெரும்பாலும் அந்தப் பங்கிலிருந்து வருவதுதான். பட்டினத்தாருக்குக் கையிலிருந்த பேய்க்கரும்பு இனித்ததாகச் சொல்வார்கள். கோவையில் அதைக் கொஞ்சம் சுற்றிவளைத்து வேறு விதமாகச் சாதித்தார்கள். தலச்சேரிக்காரரான தாவரவியலாளர் ஜானகி அம்மாள் 1930-களில் இங்கேதான் கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்துப் பார்த்தார். கோவைக்கு வந்தால் அவசியம் நேரம் ஒதுக்கி அந்தத் தோட்டத்தைப் பாருங்கள், கார்த்திகையில் வாருங்கள்.

"எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் என்று சொல்லித்தான் கரணை கொடுத்தார்கள். ஏழு மாதக் கரும்பு. குத்துக் குத்தாக மேலிருந்து மூன்றாவது, நாலாவது இலை மஞ்சளாகிக் காய்கிறது. பிளந்து பார்த்தால் சிவப்பு. செவ்வழுகல் என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?"
– விவசாயி, லால்குடி பக்கம்

ஏமாந்தீர்களா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நாளைக் காலை செய்ய வேண்டியது. கரும்பை நீளவாக்கில் பிளந்து முகர்ந்து பாருங்கள். புளித்த கள் வாடை வந்து, சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள் இருந்தால் பூஞ்சணத்தால் வரும் செவ்வழுகல்தான், சந்தேகமே வேண்டாம். வெறும் சிவப்பு மட்டும் இருந்து வெள்ளைத் திட்டு இல்லையென்றால் வாடல் நோயாகவோ, துளைப்பான் புழு தின்ற காயமாகவோ இருக்கலாம். செவ்வழுகல் என்றால் அந்தக் குத்தை வேரோடு பெயர்த்து, வயலுக்கு வெளியே எரியுங்கள். வரப்பில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பெயர்த்த குழியிலும் சுற்றியுள்ள குத்துகளின் அடியிலும் கார்பெண்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லிக் கரைசல் ஊற்றுங்கள். அந்தப் பாத்தியில் பாய்ந்த தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகக் கூடாது. நோய் பரவுவது பெரும்பாலும் தண்ணீரிலும் கரணையிலும்தான். நோய் அதிகம் என்றால் ஆலையில் சொல்லி முன்கூட்டியே வெட்டு உத்தரவு வாங்குங்கள். மறுதாம்பு விடவே விடாதீர்கள். லால்குடியில் தண்ணீருக்குக் குறைவில்லை, அடுத்த பருவம் நெல் போடுங்கள். சேற்று வயலில் அந்தப் பூஞ்சணம் தாக்குப்பிடிக்காது.

இனி எதிர்ப்புத்திறன் கதை. ஆராய்ச்சி நிலையத்தில் அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். ஏழு மாதக் கரும்பில், அடியிலிருந்து மூன்றாவது இடைக்கணுவில் சின்னத் துளை போடுவார்கள். பூஞ்சண வித்து கலந்த தண்ணீரை அரை மில்லி அதில் விட்டு, களிமண்ணால் அடைப்பார்கள். நோயைத் தேடிப் போய் ஊட்டுவதுதான், வேறொன்றுமில்லை. அறுபது நாள் கழித்துப் பிளந்து பார்ப்பார்கள். கொண்டை பச்சையாக இருக்கிறதா, சிவப்பு எத்தனை அகலம், வெள்ளைத் திட்டு உண்டா, எத்தனை கணுவைத் தாண்டி ஏறியிருக்கிறது என்று பார்த்து 0 முதல் 9 வரை மதிப்பெண். இங்கே மதிப்பெண் குறைந்தால்தான் தேர்ச்சி. 2 வரை எதிர்ப்புத்திறன், 4 வரை மித எதிர்ப்பு. அதைத் தாண்டினால் சர்க்கரை எத்தனை இருந்தாலும் அந்தக் கரும்பைத் தள்ளிவிடுவார்கள். மனதுக்குப் பிடித்த எத்தனையோ கரும்பை இந்தத் துளையில் இழந்திருக்கிறோம்.

அந்த மதிப்பெண் உண்மைதான். ஆனால் அது அன்றைக்குத் துளையில் விட்ட பூஞ்சணத்துக்கு எதிரான மதிப்பெண். பூஞ்சணம் ஒரே மாதிரி இருந்துவிடுவதில்லை. ஒரே ரகத்தை ஊர் முழுக்க வருடக்கணக்கில் நட்டால், அந்த ரகத்துக்குள் நுழையத் தெரிந்த வகை ஒன்று எங்காவது கிளம்பும். அதற்கு அப்புறம் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் 1930-களின் கடைசியில் கோ 213 இப்படித்தான் அழிந்தது. நம் பக்கத்தில் கோக 671. கடலூரில் தேர்வான கரும்பு, அந்தக் காலத்தில் அத்தனை சர்க்கரை வேறெதிலும் கிடையாது. அதைச் செவ்வழுகல் தின்றது. அந்தக் கரும்பிலிருந்து எடுத்த பூஞ்சண வகையை வைத்துத்தான் இன்றும் தென்னிந்தியாவில் புது ரகங்களுக்குத் துளை போடுகிறார்கள்.

ஆகப் பெரிய உதாரணம் கோ 0238. கோவை நிறுவனத்தின் ஹரியானா கர்னால் மையத்தில் விஞ்ஞானி பக்ஷி ராம் உருவாக்கியது, 2009-இல் வெளியானது. வடக்கே அது வந்த பிறகு விளைச்சலும் ஏறியது, சர்க்கரையும் ஏறியது. 9 சதவீதத்தை ஒட்டி நின்ற உத்தரப் பிரதேசத்தின் சர்க்கரைக் கட்டுமானம், அதாவது நூறு கிலோ கரும்பில் ஆலைக்குக் கிடைக்கும் சர்க்கரை, 11-ஐத் தாண்டியது. அவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், தகும். ஆனால் ஆலைக்காரர்களும் விவசாயிகளும் ஆசை தாங்காமல், மாநிலத்தின் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த ஒற்றை ரகத்தையே நட்டார்கள். வெளியாகும்போது செவ்வழுகலை நன்றாகவே தாங்கிய கரும்பு. பத்து வருடத்தில் அதற்கென்றே ஒரு பூஞ்சண வகை வந்தது. சிஎஃப் 13 என்று எண் போட்டிருக்கிறார்கள். இப்போது கோ 0118, கோ 15023, கோஎல்கே 14201 என்று மாற்றச் சொல்லி அங்கே அரசாங்கமே மன்றாடுகிறது.

இன்னொன்று சொல்கிறேன், இதை யாரும் விவசாயிக்குச் சொல்வதில்லை. கோ 0238-க்கு அப்பா கோ 775. கோக 671-க்கும் அப்பா கோ 775. நம் கோ 86032-க்கு அப்பா கோக 671. ஆக வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று நாட்டையே ஆண்ட இரண்டு ரகமும் ஒரே வீட்டுப் பிள்ளை, பேரன். நல்ல பெற்றோர் என்று தெரிந்தால் எல்லோரும் அதையே திரும்பத் திரும்ப எடுப்பார்கள், இயல்புதான். ஆனால் குடும்பம் இப்படிச் சுருங்கச் சுருங்க, நோய்க்கும் வழி சுலபமாகிறது. கண்ணூர் மையத்தில் உலகம் முழுக்கச் சேகரித்த பழைய கரும்பு வகைகளை வருடா வருடம் நட்டுக் காப்பாற்றுவது இதற்காகத்தான். அதற்குச் செலவழிக்கும் பணத்தை வீண் என்று பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரகத்தைக் குறை சொல்லும் முன், கரணை எந்த வயலிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள். ஆறேழு மாத விதை நாற்றங்காலில் வெட்டியதா, இல்லை ஆலைக்கு வெட்டிய முற்றின கரும்பில் மிஞ்சியதா? பக்கத்து வயல்களில் அதே ரகம் சுத்தமாக நிற்கிறதென்றால் நோய் உங்கள் வயலுக்குக் கரணையோடு வந்திருக்கிறது. எல்லா வயலிலும் வந்திருந்தால்தான் ரகம் தளர்கிறது என்று பொருள். அப்படி என்றால் உடனே ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி அனுப்பச் சொல்லுங்கள்.

"ஏக்கருக்கு நூறு டன், எந்த நோயும் வராது என்று செல்போனில் ஒரு கரும்பு ரகத்தின் வீடியோ வந்தது. ஒரு கரணைக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?"
– வாசகர், தேனி மாவட்டம்

வேண்டாம்.

எண் கேளுங்கள். எந்த நிலையத்தில் வெளியானது, எந்த வருடம் என்று கேளுங்கள். பதிலுக்கு இன்னொரு வீடியோ வரும். அதற்கு மேல் ஒன்று: வெளி மாநிலத்திலிருந்து பார்சலில் வரும் கரணையோடு கரிப்பூட்டையும், புல் தண்டு நோயும், நம் மாவட்டத்தில் இதுவரை இல்லாத செவ்வழுகல் வகையும் இலவசமாக வரும். உங்கள் வயல் மட்டும் போனால் பரவாயில்லை, வாய்க்கால் முழுக்கப் போகும்.

"எனக்கு எடை வேண்டும். ஆலைக்குச் சர்க்கரை வேண்டும். இரண்டும் சேர்ந்த ரகம் எடுக்க முடியாதா?"
– விவசாயி, பவானி

எடுக்கலாம், கோ 86032 இத்தனை வருடம் நின்றதே அதனால்தான். ஆனால் லேசில் அமையாது. தடியாக, தண்ணியாக, வேகமாக வளரும் கரும்பில் சர்க்கரை ஏற நாளாகும். சீக்கிரம் சர்க்கரை ஏறும் கரும்பு பெரும்பாலும் எடையில் கை விரிக்கும். நாற்று வயலில் நடந்துபோகும்போது கண்ணுக்குப் பிடிப்பது எடைக் கரும்புதான். பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு விட்ட பிறகுதான் முகம் சுருங்கும்.

விலை முறையும் இதில் ஒரு சிக்கல். 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாய ஆதாய விலை, அதாவது ஆலை கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்ச விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். 9.5-ஐ விடக் குறைந்த ஆலைகளுக்கு 3,290 ரூபாய் 50 காசு. அதற்குக் கீழே எவ்வளவு குறைந்தாலும் விலை குறையாது. தமிழ்நாட்டில் நிறைய ஆலைகள் அந்த அடிமட்டத்தை ஒட்டியே ஓடுகின்றன. அதுவும் கட்டுமானக் கணக்கு ஆலை முழுமைக்குமான சராசரி. உங்கள் வண்டிச் சாறு தனியாக எத்தனை இனித்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அப்புறம் நீங்கள் எடையைத் தேடாமல் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு வண்டியின் சாற்றையும் பார்த்து விலை போட்டால், விவசாயியே சர்க்கரை ரகம் கேட்டு வரிசையில் நிற்பார் என்பது என் அபிப்பிராயம். ஆலைகள் இதை ஏன் செய்வதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், அது இந்தப் பகுதியில் அடங்காது.

"பொங்கலுக்கு வாங்கும் பன்னீர்க் கரும்பு அத்தனை இனிப்பாக இருக்கிறதே, அதிலேயே சர்க்கரை எடுக்கக் கூடாதா?"
– இல்லத்தரசி, மேலூர்

நல்ல கேள்வி. பன்னீர்க் கரும்பில் நார் குறைவு, தோல் மெது. பல்லுக்கு அதுதான் சுகம், ஆலைக்கு அதுதான் குறை. ஆலை பிழிந்து மிஞ்சும் சக்கையை எரித்துத்தான் கொதிகலனை ஓட்டுகிறது, கரண்டும் எடுக்கிறது. நார் இல்லையென்றால் விறகுக்கு எங்கே போவது? தவிர, நாணல் ரத்தம் கலக்காத பழைய தடிக் கரும்பு வகை அது. நோய் தாங்காது, சாய்ந்துவிடும், மறுதாம்பு சரியாக வராது. உங்கள் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் அதை மூங்கில் நட்டுக் கட்டி வளர்க்கும் பாட்டுக்கு, கட்டுக்கு இவ்வளவு என்று பொங்கல் விலை கிடைத்தால்தான் கட்டுப்படியாகும்.

"அப்பா கரும்பு போடுகிறார், நான் சென்னையில் மென்பொருள் வேலை. மரபணு தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகும் 14 வருடம் காத்திருக்க வேண்டுமா?"
– வாசகர், சென்னை

கொஞ்சம் குறையும். ஒரேயடியாகக் குறையாது. மனிதனுக்கு 46 குரோமோசோம். கரும்புக்கு நூறுக்கு மேல், அதுவும் ஒரே குரோமோசோம் எட்டு, பத்துப் பிரதியாக, கலவையாக. ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 என்ற ரகத்தின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்து வெளியிட்டதே 2024-இல்தான். பழுப்புத் துரு நோய்க்கு ப்ரூ 1 என்ற ஒற்றை மரபணு இருக்கிறது. நாற்றுப் பருவத்திலேயே இலையை எடுத்துச் சோதித்து, அது இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். செவ்வழுகல் எதிர்ப்பு அப்படி ஒரே மரபணுவில் அடங்குவதில்லை. அதனால் துளை போட்டு அறுபது நாள் காத்திருக்கும் வேலை இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.

மரபணு மாற்றிய கரும்பை பிரேசில் 2017-இல் அனுமதித்தது, துளைப்பானுக்கு எதிரானது. இந்தோனேசியாவில் வறட்சிக்கு ஒன்று. இந்தியாவில் சாகுபடிக்கு எதுவும் அனுமதி பெறவில்லை. என்ன வந்தாலும் ஒரு நடவு, ஒரு மறுதாம்பு வயலில் நின்று காட்டாமல் உங்கள் அப்பா நம்பமாட்டார். நானும்தான்.

"எங்கள் ஆலையில் புது ரகம் தருகிறோம் என்கிறார்கள். கோ 86032 களைத்துப்போய்விட்டது, ஐந்து ஏக்கரையும் மாற்றிவிடலாமா?"
– விவசாயி, சங்கராபுரம்

ஒரு ஏக்கர் மாற்றுங்கள். மண்ணும் தண்ணீரும் ஒரே மாதிரி உள்ள இடத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு, நடவுப் பயிரையும் மறுதாம்பையும் தனித்தனியாக எடை போடுங்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மறுதாம்பிலும் புதியது ஜெயித்தால் அப்புறம் பாதிக்குக் கொண்டுபோகலாம். ஐந்தையும் ஒரே ரகமாக்குவதற்கு நான் எப்போதும் சம்மதிக்க மாட்டேன். காரணம் லால்குடி வாசகருக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.

களைத்துப்போய்விட்டது என்கிறீர்கள். ரகம் களைப்பதில்லை, கரணைதான் களைக்கிறது. வருடக்கணக்கில் அதே வயல் கரும்பையே வெட்டி வெட்டி நடும்போது, மஞ்சள் இலை நோய் வைரஸ் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். நடு நரம்பு மஞ்சளாகி, இடைக்கணு குட்டையாகி, எடை குறையும். குருத்து நுனித் திசுவிலிருந்து வளர்த்த வைரஸ் இல்லாத கன்றுகளை நட்டபோது, இதே கோ 86032 பழைய விளைச்சலுக்குத் திரும்பியதைக் கோவை ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் மாற்றாமல் வைக்கும் நாலு ஏக்கருக்கும் கரணையை மாற்றுங்கள். திசு வளர்ப்புக் கன்றில் ஆரம்பித்து ஒரு சின்ன விதை நாற்றங்கால், பத்து சென்ட் போதும், வீட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். ஆறேழு மாதத்தில் வெட்டி, 250 லிட்டர் தண்ணீரில் 125 கிராம் கார்பெண்டசிம் கலந்து கால் மணி நேரம் கரணையை முக்கி நடுங்கள். வெட்டும் அரிவாளையும் அந்தத் தண்ணீரிலேயே அவ்வப்போது நனையுங்கள். ஆலையில் புது ரகக் கரணை வரும்போதும், விதை நாற்றங்காலில் வெட்டியதா என்று கேட்டுவிட்டு இறக்குங்கள். இல்லையென்றால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.